காலியாக விட்ட குறிச்சொல்

எதையும் அதனதன் இடத்தில் வைத்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அச்சகத்தில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறேன். அந்தப் பழக்கமாக இருக்கலாம். தங்கையின் செல்போனைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான், இன்ஸ்பெக்டர் மேடம். அவள் கதைக்கு அந்தக் குறிச்சொல்லை ஒட்டியது யார் என்று. நான்தான். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று விளங்காது.

அது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர். கடிகாரக் கடைக்காரர் ஒருவர், அவர் மனைவி, தெருவில் நாலைந்து குடும்பம். தொடர் முடிந்து பல வருடமாகியும் ரசிகர்கள் விடவில்லை. அதே ஆட்களை வைத்து அவரவர் கதை எழுதி ஓர் இணையதளத்தில் போடுகிறார்கள். எது யாருக்கான கதை என்று தெரியாவிட்டால் வாசகர் திண்டாடிப்போவார். அதனால் ஒவ்வொரு கதையின் தலையிலும் உறவைச் சொல்லும் குறிச்சொல் இருக்கும். இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு என்றால் காதல். கூட்டல் குறி என்றால் நட்பு, உடன்பிறப்பு. பக்கத்திலேயே அந்த உறவின் போக்கு: இதம், ஊடல், பிரிவு, மிரட்டல். மிரட்டல் என்று ஒட்டினால் மட்டும் கதைக்கு அடியில் தானாக ஒரு சிவப்புக் கட்டம் வந்துவிடும். 'இது உங்கள் வீட்டிலும் நடந்தால் தயங்காமல் பேசுங்கள்' என்று ஒரு வரி, ஓர் உதவி எண்.

எதை ஒட்டுவது என்று எழுதியவருக்கே குழப்பமாக இருந்தால் பெட்டியைக் காலியாக விடலாம். நாங்கள் படித்துப் பார்த்து ஒட்டுவோம். மூன்று பேர், சம்பளமில்லாத வேலை. தளத்தில் என் பெயர் பசை. எல்லோருக்கும் பசை அக்கா. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இந்த வயதில் இதெல்லாமா என்று சிரிப்பார்கள்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு மதிய இடைவேளையில் அந்தக் கதை வந்தது. எழுதியவர் பெயர் அரைத்தூக்கம். பெட்டி காலி. கூடவே ஒரு குறிப்பு.

"பசை அக்கா, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது என்னன்னு எனக்குப் பிடிபடலை. நாலு தடவை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். நீங்களே படிச்சுட்டுச் சொல்லுங்க. என்ன போட்டாலும் சரி."

கதையில் கடிகாரக் கடைக்காரர், மனைவி குளிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைக்கிறார். ஒருநாள் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறார். திருகாணி இருந்த நான்கு துளைகளிலும் அவள் சோப்பை அடைக்கிறாள். அவர் அதைத் தீக்குச்சியால் குத்தி எடுத்துவிட்டுச் சிரிக்கிறார். அவள் மறுபடி அடைக்கிறாள். கதை அவ்வளவுதான்.

நான் சாப்பாட்டு டப்பாவை மூடினேன். அந்தத் துளைகளை நான் பார்த்திருந்தேன். முந்தின மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, குளியலறைக் கதவில், வெள்ளைச் சோப்பு வைத்து அடைத்த நான்கு துளைகள். வெளியே வந்து தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"துரு ஏறிப்போச்சுக்கா. உங்க தங்கச்சிக்கு எதையாவது பூட்டிக்கிட்டே இருக்கணும். போன ஜென்மத்துல லாக்கரா இருந்திருப்பா."

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.

மாப்பிள்ளை எங்கள் அச்சகத்தில் இயந்திரப் பிரிவு மேற்பார்வையாளர். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நான். அப்பா தயங்கினார். மாப்பிள்ளையின் நிதானத்தை ஐந்து வருடமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். அதுவரை வீட்டில் நான் கல்யாணம் ஆகாத மூத்தவள். பேச ஆரம்பித்தால் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். அதற்குப் பிறகு 'அக்கா பார்த்த மாப்பிள்ளை' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உறவில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு என்றாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டார்கள்.

வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கீழே இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. மிரட்டல் என்று ஒட்டினால் சிவப்புக் கட்டம் வரும். அந்த எண்ணில் அவள் பேசுவாள். ஒருநாள் பையோடு வீட்டு வாசலில் வந்து நிற்பாள். அம்மா என்னைப் பார்ப்பாள். இப்போது இந்த வரிசையில் சொல்கிறேன். அன்றைக்கு முதலில் தோன்றியது அம்மாவின் பார்வைதான்.

ஊடல் என்று ஒட்டலாமா என்றும் யோசித்தேன். பாதி உண்மையாவது ஆகும். பாதியாகச் சொன்னால் மீதியைக் கேட்பாள் என்று பட்டது. இதம் என்று ஒட்டினேன்.

இதம் தேடி வருகிறவர்கள் அந்தக் கண்ணோடுதான் படிப்பார்கள். 'ஒரு நிமிஷம்கூடப் பிரிய மனசில்லாத புருஷன், கொடுத்துவைக்கணும்' என்று ஒருவர். 'அந்த சோப்பு சீன் செம க்யூட்' என்று ஒருவர். அறுபது பேருக்கு மேல் எழுதினார்கள். முட்டைக்கோஸ் என்ற பெயரில் ஒருவர் மட்டும் இப்படி எழுதினார்: 'இதுல என்னங்க இதம்? அந்தப் பொண்ணு பயந்து செத்துக்கிட்டிருக்கு. ஒட்டினவங்க படிச்சாங்களா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு ஒட்டினாங்களா?'

கால் மணி நேரத்தில் அதை நீக்கினேன். அவர் மறுபடி எழுதினார். கணக்கையே முடக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'அநாகரிகம்' என்று போட்டேன். ஒன்பது வருடத்தில் நான் முடக்கிய ஒரே ஆள் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, பாசம் ஜாஸ்தியா இருக்கிறவங்களுக்குத்தானே சந்தேகமும் வரும்?"

"ஏன்டி திடீர்னு?"

"சும்மாதான். நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க."

அவள் பக்கத்தில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படித்தான்டி," என்றேன். "குடும்பம்னா கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும்."

"சரிக்கா," என்றாள்.

பிறகு வந்த கதைகளில் அவள் பெட்டியைக் காலியாக விடவில்லை. மூன்றாவது கதையில் கடைக்காரர் மனைவியைப் படியில் தள்ளிவிடுகிறார். ஓடிவந்து தண்ணீர் கொடுத்து அழுகிறார். அதற்கு அவளே இதம் என்று ஒட்டியிருந்தாள். தப்பாக ஒட்டியிருந்தால் திருத்துவதுதான் எங்கள் வேலை. அது என் பார்வைக்கு வந்தது. ஒப்புதல் கொடுத்தேன்.

பதினோரு நாள் கழித்து அவள் மாடிப்படியில் விழுந்தாள். நினைவு போகும் முன், தூக்க வந்த எதிர்வீட்டு அம்மாவிடம், "விளையாட்டுக்குத் தள்ளினாரு" என்றாளாம். தள்ளியதை விளையாட்டு என்று சொல்ல அவளுக்குப் பழக்கியது யார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

தள்ளியது மாப்பிள்ளை. அதில் எனக்கு வேறு பேச்சில்லை. ஆனால் தனக்கு நடப்பதற்கு என்ன பெயர் என்று அவள் ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்டாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்பது யார் என்று எனக்குத் தெரியும். அரைத்தூக்கம் யாரென்றே தெரியாது என்று போன வாரம் உங்களிடம் சொன்னது பொய். முதல் நாளே தெரியும். தெரிந்துதான் ஒட்டினேன்.

இன்று காலை அவள் விரல் அசைந்ததாக டாக்டர் சொன்னார். கண் விழித்தால் நீங்கள்தான் முதலில் பேசுவீர்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பசை யார் என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். உடம்பு தேறாத பிள்ளை, தாங்கமாட்டாள். நான் எனக்காகக் கேட்கவில்லை.