காலிகோபுரத்தோடு நின்ற குங்குமம்

முதலில் ஒரு மன்னிப்பு. மேடை ஏறிப் பழகாதவள் நான். எழுதி வைத்த தாளைப் பார்த்தே பேசுவேன், பொறுத்தருளுங்கள்.

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் ஹரிபாபு அவர்களே, ஆன்றவிந்த பெரியோர்களே, நகரியில் விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் இந்தக் கலைவாணியின் வணக்கம்.

என்ன அண்ணா, கேட்கவில்லையா? இதோ, மைக் பக்கம் வருகிறேன்.

"அன்றாட வாழ்வில் நம்பிக்கை" என்று தலைப்புத் தந்தீர்கள். நம்பிக்கை என்பது எது? அறியாமையா? அச்சமா? ஆதாயமா? மூன்றும்தான் என்று எண்ணியிருந்தேன், பட்டம் படித்த நான்!

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. நான் தேறினால் திருமலைப் படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக என் அம்மா சந்திரம்மா வேண்டிக்கொண்டிருந்தார். போன ஆண்டு தேறினேன். மலையடிவாரத்து அலிபிரியில் முதல் படிக்கு அம்மா குனிந்தார்.

"கண்ணு முழிச்சிப் படிச்சது நானு. மார்க் போட்டது சாமியா?" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "நீதாம்மே படிச்ச. யாரு இல்லன்னாங்க? எனக்கு எழுத்து தெரியாது. உன்கூட குந்திக்கினு படிக்க முடியல. நானும் எதுனா பாடுபடணும் இல்ல? வாயாடாம குங்குமத்த எடு."

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, சிந்தித்தேனா?

பாதி மலையில் காலிகோபுரம். அங்கே பின்னாலிருந்து வந்து சேர்ந்தாள் கல்லூரித் தோழி விஷ்ணுப்ரியா, திருப்பதிக் கோயிலில் பணி செய்யும் குடும்பத்துப் பெண். அம்மாவின் புடவையெங்கும் மஞ்சள் கறை.

"யாருடி அந்தம்மா? உனக்குத் தெரிஞ்சவாளா?"

"தெரியாது" என்றேன்.

ஒரு சொல், ஐயா. ஒரே ஒரு சொல்! விஷ்ணுப்ரியாவோ அம்மா வைத்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு மேலே போனாள்.

அதைக் கேட்ட அம்மா திட்டவில்லை. அழவில்லை. பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"கால் வலிக்குது. சாமி கோச்சிக்காது, நட."

மீதிப் படிகளை வெறுங்கையோடு ஏறினார். என் வெட்கம் தீர, தன் வேண்டுதலை விட்டுக்கொடுத்தார். தன்னால் தூக்க முடியாத என் பாரத்துக்குத் தோள் கொடுக்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி அந்தப் படிகள். அதை அடைத்தவள் யார்? அவர் பெற்றவள்! அவர் வளர்த்தவள்! அவர் கூலியில் படித்தவள்!

வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் விளக்கேற்றும்போது, "மிச்சம் இருக்குது சாமி, மன்னிச்சிக்கோ" என்கிறார். தவறு செய்தவள் நான். மன்னிப்புக் கேட்பவர் அவர்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீடுகளில் நலம் நிறையட்டும்.

அமருமுன் ஒரு விண்ணப்பம். அவைக்கல்ல, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் முகம் கவிழ்ந்திருப்பவருக்கு.

அம்மா, வர்ற சனிக்கிழம அந்த மிச்சப் படிய முடிச்சிட்டு வரலாம்மா. குனியறது இந்தத் தடவ நானு. என்னையும் இட்டுக்கினு போவியா?