மூணு தடவ எறக்குன கியர் பாக்ஸ்

சாவியக் கேக்காதீய அண்ணாச்சி. தர மாட்டேன். திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்கு, இருவத்திரெண்டு பிள்ளைய வேனுக்காக ரோட்டுல நிக்கும், எல்லாம் எனக்கும் தெரியும். அதனாலதான் தர மாட்டேங்கேன்.

கத்தாதீய. ஒங்க வேனுதான், நான் இல்லங்கல. ஆர்சி புக்கு ஒங்க பேருலதான் இருக்கு. பாக்ஸயும் நேத்தே ஏத்தியாச்சி, வண்டி ரெடி. ஆனா கத்தணும்னா இங்கன நாந்தான் கத்தணும். ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவ இந்தக் கியர் பாக்ஸ எறக்கியிருக்கேன். வெளிய என்ன பேச்சு நடக்கு தெரியுமா? ஜோயலுக்குப் பிரிக்கத்தான் தெரியும், சேக்கத் தெரியாதுன்னு பேச்சு. செங்கோட்ட லாரிக்காரர் ஒருத்தரு வாசல் வர வந்துட்டு, ஒங்க வேன் மறுபடி நிக்கிதப் பாத்துட்டு, அப்படியே வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாரு. இருவது வருசமா இந்தக் கையி கிரீஸ்ல கெடக்கு, ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல.

என்னது, நான் போட்ட சாமான் மட்டமா? இந்தா, கையில வாங்கிப் பாருங்க. ரெண்டாவது கியரு ரிங்கு, பித்தள. பங்குனியில புதுசு போட்டேன். டப்பாவ ஒங்க முன்னாலதான் ஒடச்சேன். உள்பக்கம் தடவிப் பாருங்க, வரி வரியா இருக்கணும். இப்ப வழுக்குதா? மூணாவதுக்கும் இதே கதிதான். ஆயில வடிச்சா சட்டி பூரா பித்தளப் பொடி மினுங்குது. கிளட்ச முழுசா மிதிக்காம கியரத் திணிச்சா இப்படித்தான் தின்னும். அதுவும் ஒரு நாள்ல திங்காது. தெனமும் திணிச்சிருக்கணும்.

விஜயசங்கரா? அவன் பேர எடுக்காதீய, சொல்லிட்டேன். வாயில வேற எதும் வந்துரும்.

தையில வந்தீய, கிளட்ச் பிளேட்டு கருகிக் கெடந்திச்சி. மாத்துனேன். பங்குனியில மறுபடி வந்தீய, கியரு வுழ மாட்டேங்குன்னு. வேற யாரும் ஓட்டுதாங்களான்னு நாந்தான் கேட்டேன். சனிக்கெழமைக்கு ஆக்டிங் டிரைவரா விஜயசங்கர் வாரான்னு சொன்னீய. நானும் முன்ன பின்ன யோசிக்காம, அப்ப அவந்தான், கிளட்ச் மிதிக்கத் தெரியாத பயகிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு, இதே எடத்துல நாலு பேரு முன்னால சொன்னேன். அவனும் இங்கனதான் நின்னான். தலையக் குனிஞ்சிட்டு நின்னான். நீங்க வாயத் தொறந்தீயளா? மறுநாளே அவன நிறுத்திட்டீய.

ஆக்டிங் டிரைவருக்குப் பேருதான அண்ணாச்சி சோறு? கியர ஒடைக்கிறவன்னு பேரு வந்த பெறவு எவன் கூப்புடுவான்? குத்தாலத்துல பழக்கடையில மங்குஸ்தான் கூடயச் சொமக்கான். போன வாரம் சாரல்ல நனஞ்சிக்கிட்டே வந்து, நல்லாருக்கீயளாண்ணேன்னு கேக்கான். எனக்கு மூஞ்சிய எங்கன கொண்டு வைக்கன்னு தெரியல.

சரி, அவன் போனது பங்குனியில. அதுக்குப் பெறவு லீவுல கல்யாண ஓட்டம், கோயில் ஓட்டம் எல்லாம் நீங்க ஒருத்தருதான ஓட்டுனீய? அப்ப புது ரிங்கத் தின்னது யாரு? பேயா வந்து ஓட்டிச்சி?

சும்மா இருங்க, நான் முடிக்கேன். முந்தாநேத்து பாக்ஸ எறக்கதுக்கு முன்ன, ஓட்டிப் பாப்பம்னு ஒங்க பக்கத்துல உக்காந்து இலஞ்சி வர வந்தேம்லா. நான் கியர் சத்தத்தக் கேக்கேன்னு நெனச்சிட்டு இருந்தீய. நான் ஒங்க காலத்தான் பாத்துட்டு வந்தேன். வளைவுல ஒரு மாடு குறுக்க வந்திச்சி. கிளட்ச மிதிச்சீய. மிதிச்சது கிளட்ச இல்ல, பக்கத்துல தரைய! பெறவு குனிஞ்சி காலு எங்க இருக்குன்னு தேடுதீய. வண்டி ஓடிட்டு இருக்கு, ரோட்டப் பாக்காம ஒங்க கால நீங்களே தேடுதீய! மாட்டுக்கு அறிவு இருந்திச்சி, ஒதுங்கிட்டு. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒதுங்கத் தெரியுமா?

கேட்டதுக்கு, பெடலு எறங்கிக் கெடக்குடேன்னீய. பெடலு ஒரு நூலு எறங்கல. ரப்பரப் போயி பாருங்க. மத்தவன் வண்டியில நடுவுல தேயும். ஒங்க வண்டியில ஓரம் மட்டுந்தான் தேஞ்சிருக்கு.

சுகரு கன்ட்ரோல்ல இருக்கா? யாருகிட்ட கத விடுதீய? காலையில ஒங்க வீட்டுல மாரிச்செல்வி மதினிகிட்ட போன்ல பேசிட்டேன். மாத்திரைய நிறுத்தி ஒரு வருசம் ஆவுது, யாரோ குடுத்த பொடியக் கலக்கிக் குடிக்காவ, சொன்னா எரிஞ்சி வுழுதாவன்னு அழுதாவ.

போலீசுக்குப் போவீயளா? வாங்க, சேந்தே போவோம். சாவிய எதுக்குத் தரலன்னு நானே அங்கன சொல்லுதேன். நீங்க கேட்டுட்டு நில்லுங்க.

ஒங்க பொழப்ப நான் கெடுக்கல அண்ணாச்சி. விஜயசங்கருக்குப் பேசியாச்சி. வண்டி ஒங்களுது, ஓட்டம் ஒங்களுது, திங்கக்கெழமல இருந்து ஸ்டியரிங்கு மட்டும் அவங்கிட்ட. வர மாட்டேன்னுதான் சொன்னான். நாலு பேரு முன்னால சொன்ன சொல்ல நாலு பேரு முன்னாலயே திருப்பி எடுத்தாத்தான் வருவானாம். நாளைக்கு வாரான். நான் எடுப்பேன். நீங்களும் எடுக்கணும்.

இன்னமும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதீய என்ன? காலு நல்லாத்தான் இருக்கு, நடந்துதான வந்தேங்கீய. ஆமா, நடந்துதான் வந்தீய. எடது செருப்பு வாசல் கேட்டுப் பக்கத்துலயே கழண்டு கெடக்கு. அது இல்லாமதான் உள்ள வந்தீய. பாத்துட்டுதான் இருந்தேன், நீங்களா ஒரு வார்த்த சொல்லுவீயன்னு.

ஏ, அசையாதீய. அசையாதீய அண்ணாச்சி. இந்தா ஸ்டூலு, பைய உக்காருங்க. இப்பத்தான் பாக்கேன், இரும்புச் சுருளு ஒண்ணு குதிகால்ல ஏறி நிக்கி. நின்ன எடமெல்லாம் ரத்தம்.

வலிக்குதா?