கிளட்ச் மிதிக்க ஒரு ஆள்

அட, விட்டுறாதீங்க சார்! நான் "விடுங்க"ன்னு சொல்ற வரைக்கும் கால எடுக்கக் கூடாது. எடுத்தீங்கன்னா வெளிய போன காத்து மறுபடி உள்ள வந்துரும், அப்புறம் முதல்லேருந்து... ஆங், அப்படித்தான். அழுத்திப் புடிச்சுக்கோங்க. பாவம், மேல் வீட்டுக்குக் குடி வந்து பெட்டி கூடப் பிரிக்கல, உங்களப் புடிச்சு இழுத்துட்டு வந்து கிளட்ச்ச மிதிக்க வச்சிட்டேன். என்ன பண்றது, இந்த வேலைக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் காருக்குள்ள உக்காந்து மிதிக்கணும், ஒருத்தர் அடியில படுத்து இந்தக் குட்டித் திருகத் திறந்து மூடணும். ம்... மூடிட்டேன். இப்ப விடுங்க. எப்படி இருக்கு? மெத்து மெத்துன்னு? பஞ்சு மாதிரி? ...சுத்தம்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேட்டீங்கல்ல? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். சிக்னல்ல நிக்கிறேன். பச்சை விழுந்தாச்சு. கிளட்ச்ச மிதிக்கிறேன், அது பாட்டுக்குப் போய் தரையில படுத்துக்கிச்சு. எந்திரிக்கவே மாட்டேங்குது! கியரப் போட்டா கர்ர்ர்னு ஒரு சத்தம், ரோடே திரும்பிப் பாக்குது. பின்னாடி பஸ்காரன் என் பரம்பரையையே இழுக்குறான். பழைய வண்டி சார். இதுல கேபிள் கிடையாது, ஆயில் அழுத்தத்துலதான் கிளட்ச் வேலை செய்யுது. மேல ஒரு சிலிண்டர், கீழ ஒரு சிலிண்டர், நடுவுல குழாய். ஆயில் டப்பாவப் பாத்தா காலி. மேல பெடல் பக்கம் தடவிப் பாத்தேன், காஞ்சு கிடக்கு. அடியில வந்து பாத்தா, கீழ் சிலிண்டர் ரப்பர் உறையிலேருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது. கண்டுபுடிச்சிட்டேன்ல! அந்தத் தலைக்கனம்தான் சார் என்னக் கெடுத்துச்சு.

என் சம்சாரம் அப்பவே சொன்னா, மெக்கானிக் கிட்ட விட்டுருங்கன்னு. நான் யாரு? சயின்ஸ் வாத்தியார்! இதையெல்லாம் போர்டுல படம் போட்டு நடத்துற ஆளு. போன்ல ஒரு வீடியோவ முக்காவாசி பாத்தேன், புது சிலிண்டர் வாங்குனேன், மாட்டிட்டேன். மிச்சம், ஆயிலுக்குள்ள புகுந்த காத்த வெளிய எடுக்குறது மட்டும்தான். அவள உக்கார வச்சு மிதின்னேன். மிதிச்சா. புடின்னேன். புடிச்சா. விடுன்னேன், விட்டா. பெடல் அதே பஞ்சு. மறுபடி... மறுபடி... ஆயில்தான் காலியாகுது. கடைசில எனக்குக் கோவம் வந்து, "உனக்கு மிதிக்கவே தெரியல, உன் காலுதான் கோளாறு"ன்னுட்டேன்.

ம்ம். சாவிய என் மேல வீசிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வாரமாச்சு. வீட்டுல ஒரு சத்தம் இல்ல சார். குக்கர் கூட என்னப் பாத்து விசில் அடிக்க மாட்டேங்குது. நெசமாச் சொல்றேன், அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல. இந்த வண்டியச் சரி பண்ணி, இதுலயே போய் அவளக் கூட்டிட்டு வரணும். பஸ்ல போய் எறங்குனா அவ அண்ணன் வாசல்லயே சிரிப்பான்.

உங்க போனா அடிக்குது? எடுங்க, எடுங்க. திருகு மூடித்தான் இருக்கு, பேசிட்டே வாங்க. நான் எங்க போகப் போறேன், இங்கதான் கிடப்பேன்...

...வந்துட்டீங்களா? கதவ மெதுவா சாத்துங்க, அதுவும் பழசுதான். ம், அழுத்துங்க. புடிங்க. அட, இப்ப நல்லா மிதிக்கிறீங்களே! பழகிட்டீங்க சார். திறக்குறேன்... வெறும் ஆயிலுதான் வருது. ஒரு குமிழி இல்ல. மூடிட்டேன், விடுங்க. ஆனா இன்னும் பஞ்சுதானே? அப்ப காத்து உள்ளதான் இருக்கு. ஏன் வர மாட்டேங்குது?

காத்துன்னதும் ஞாபகம் வருது. பரீட்சை பேப்பர் திருத்துறேன், ஒரு பய எழுதியிருக்கான், தண்ணிக்குள்ள காத்துக் குமிழி கீழ போகும்னு! முட்டை போட்டேன். போட்டதோட விட்டேனா? எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டேன், "ஏண்டா, மேல போற காத்து எப்படிடா கீழ..."

...

சார். ஒரு நிமிஷம். டார்ச்சு எங்க... இந்தத் திருகு கீழ இருக்கு. சிலிண்டருக்கு அடிப்பக்கம். ஐயோ... தலைகீழா மாட்டியிருக்கேன் சார்! காத்து பூரா மேல போய் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, நான் கீழ கதவத் திறந்து வச்சுக்கிட்டு வா, வான்னு கூப்புட்டுட்டு இருக்கேன். எப்படி வச்சாலும் போல்ட்டு உக்காந்துருது. என்னை மாதிரி படிச்ச முட்டாளுக்குன்னே செஞ்ச சிலிண்டரு!

அப்ப... அவ சரியாத்தான் மிதிச்சிருக்கா. ஒவ்வொரு தடவையும். நான் கத்துனப்ப கூட கால எடுக்காம புடிச்சுட்டுத்தான் இருந்தா. ச்சே, என்ன மனுஷன் நான்! சார், இது நமக்குள்ளயே இருக்கட்டும். அவ கேட்டா, பார்ட்டு மட்டம், மாத்திட்டேன்னு சொல்லிக்கலாம். என்ன? ...சார்?

கதவு பக்கத்துல இது யாரு செருப்பு?

...நீயா? எப்ப வந்தே? அவரு போன் பேசிட்டு அப்படியே போயிட்டாரா? எதுலேருந்து கேட்டுட்டு இருக்க? ...பூராவுமா? துணிமணி எடுத்துட்டுப் போக வந்தியா? ...சரி. எடுத்துக்க. உன் மேல தப்பு இல்லடி. என் மேலதான். இத வெளிய வந்து மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், தைரியம் இல்ல, அடியிலேருந்தே சொல்லிக்கிறேன். இதக் கழட்டித் திருப்பி மாட்ட கொஞ்ச நேரம்தான் ஆகும். அதுக்கப்புறம் மிதிக்க ஒரு ஆளு...

ஐயோ! ஹாரன அடிக்காத! மண்டைய இடிச்சுக்கிட்டேன்... சிரிக்கிறியா? சிரி, நல்லா சிரி. எறங்கி மட்டும் போயிராத. இரு, ஸ்பேனர எடுத்துக்கிறேன்.