திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. வாசலில் வந்து நின்ற விற்பனையாளர்களை முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பத் தெரியாமல் வாங்கியதில், வீட்டில் மூன்று இஸ்திரிப் பெட்டிகள் சும்மா கிடக்கின்றன. நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் தொடங்குகிறது.

என் குளிர்கலனில் அந்தத் தையல்காரப் பெண்ணின் மூன்று கருக்களும் எப்படி இன்னும் இருக்கின்றன என்றுதானே இந்த விசாரணையில் கேட்டீர்கள். அவற்றை உறைய வைத்த பிறகுதான் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறது, கர்ப்பமானால் உயிர் தங்காது என்று இதய மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார். நானும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நாலு இடத்துல கேட்டுட்டேன் டாக்டர். எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க," என்றாள். "உள்ள இருக்கறது என் பிள்ளைங்க. நீங்களும் முடியாதுன்னுட்டா நான் யார்கிட்ட போவேன்?"

அவளுடைய கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கலாம் என்றேன்.

எங்கள் மருத்துவமனை சிறியது. ஆய்வக வேலையையும் நானே செய்வேன். கருவை ஒரு துளி திரவத்தோடு மெல்லிய குழாயில் எடுத்துக் கர்ப்பப்பைக்குள் விடுவது வழக்கம். அதோடு ஒரு சின்னக் காற்றுக்குமிழியும் போகும். ஸ்கேன் திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அந்தக் குமிழிதான், கரு தெரியாது. அன்று நான் திரவத்தையும் குமிழியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"அதுதானா டாக்டர்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

அவள் கையை அழுத்திப் பிடித்தேன். பொய்யாக ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் படம் வேண்டும் என்றாள், அச்செடுத்துக் கொடுத்தேன். சத்து மாத்திரையைத் தவிர வேறு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அவள் உடம்புக்கு என்னால் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தபோது என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. பிறகு இன்னும் இரண்டு முறை அப்படியே செய்தோம். கடைசி முறை தன் உடைகளையெல்லாம் எடுத்து வந்து காட்டினாள். வயிறு பெரிதானால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று, பக்கவாட்டில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்திருந்தாள். தையல் நன்றாக இருக்கிறது என்றேன்.

கருக்கள் தீர்ந்துவிட்டன என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் வேறு ஊருக்குப் போனாள். அங்கே இதயக் கோளாறைப் பற்றி மூச்சு விடவில்லை. யாரோ தானமாகக் கொடுத்த கருவை ஏற்றுக்கொண்டாள். ஏழாம் மாதம் ஒருநாள், குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. குழந்தையும் பிழைக்கவில்லை. பக்கத் தையல்களையெல்லாம் அதற்குள் பிரித்து விட்டிருந்தாளாம்.

இதெல்லாம் அவள் கணவர் வந்து சொல்லித்தான் தெரியும். அவர் தடுத்துப் பார்த்திருக்கிறார். "மூணு தடவை கரு வச்சும் தாங்குன நெஞ்சு, இன்னொரு தடவை தாங்காதா" என்று கேட்டாளாம். போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க ஒருத்தர்தான் டாக்டர் எங்களுக்கு இல்லைன்னு சொல்லல."

குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அந்த நிலையில் இருப்பவரிடம் போய் எதைச் சொல்வது?

ஆமாம், செய்தது நான்தான். ஊழியர்கள் யாருக்கும் இதில் பங்கில்லை. தெரிந்தேதான் வெறும் குழாயை வைத்தேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வந்துகொண்டிருந்தவரை அவள் உயிரோடு இருந்தாள். மூன்று முறை நான் அவளைக் காப்பாற்றினேன். நாலாவது முறை அவள் என்னிடம் வரவில்லை.