ஈரம் படாத அடுக்கு

மணல் வேலை செய்கிறவர்களுக்குச் செருப்பு அதிக நாள் தாங்காது ஐயா. வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறேனே, அது என் தங்கை வாங்கிக் கொடுத்தது. புதுசுதான், அதற்குள் வார் இற்றுவிட்டது.

கடற்கரையில் நாங்கள் செய்த உருவங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளும் இல்லை, ஆமையும் இல்லை, கோட்டையும் இல்லை. வெறும் வளைவு, குழி, மடிப்பு. ஒருவர் சங்கு என்பார், இன்னொருவர் காது என்பார், இது என்னவென்று சொல்லியே ஆகவேண்டும் என்று நச்சரிப்பார்கள். "எதுவும் இல்லங்க. புடிச்சிருந்தா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க" என்று தங்கை சிரிப்பாள். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

செதுக்குவது அவள். அதற்கு முந்தைய வேலையெல்லாம் என்னுடையது. நான்கு பக்கமும் பலகை கட்டி, உள்ளே ஒரு முழம் மணல் கொட்டி, சொட்டச் சொட்டத் தண்ணீர் ஊற்றித் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அது இறுகியதும் மேலே அடுத்த அடுக்கு. ஆள் உயரத்தைத் தாண்டியதும் பலகையைப் பிரித்தால் மணல் சுவர் போல நிற்கும். நடுவில் ஏதாவது ஒரு அடுக்கு காய்ந்திருந்தால், குடையும்போது மொத்தமும் உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். வேறு ஊர்க் கடற்கரையில் வருஷம் முழுக்க வேலையாம்.

"அங்க மெஷின் வச்சே இடிச்சுக் குடுத்துடுவாங்கக்கா. நீ எனக்காக மாடா உழைச்சுட்ட. இனிமேயாவது வீட்ல நிம்மதியா இரு."

அன்பாகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு ஊட்டியதும் நான்தான். எனக்கென்று ஒரு குடும்பத்தை நான் யோசித்ததே இல்லை. "நல்லதும்மா, போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

அந்த ஊர்க்காரர்கள் அவள் வேலையைப் பார்க்க ஒரு சாயங்காலம் வருவதாக இருந்தது. அவர்களுக்காக நடுவில் குடைந்த உருவம் ஒன்றை யோசித்து வைத்திருந்தாள். குடைவுக்கு மேலே வரும் அடுக்கில் ஓரங்களை மட்டும் நனைத்தேன், நடுவைக் காய்ந்தபடியே விட்டேன். ஓரமும் காய்ந்திருந்தால் பலகையைப் பிரித்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். அவர்கள் கண்முன் அது சரிய வேண்டும், அந்த வேலை கைநழுவிப் போக வேண்டும், அவள் என்னோடு இருக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கடைசியில் உள்ளே படுத்துக்கொண்டு குடைவின் மேற்புறத்தைக் கையால் வழித்து வழவழப்பாக்குவது அவள் வழக்கம். அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன்.

மத்தியான வெயிலில் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, மேலேர்ந்து காஞ்ச மணலா கொட்டுது. தண்ணி ஊத்தலையா?"

வெளியே வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஊத்தினேன்மா" என்றேன்.

மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான் ஐயா. அதற்குப் பிறகும் ஒரு தடவை அக்கா என்று கேட்டது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பாவி நான், அதை மறைக்கவில்லை.

மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. தோண்டினால் அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் எல்லாம் தெரிந்துகொள்வாள், அப்புறம் என்னை அக்கா என்று கூப்பிடவே மாட்டாள். காய்ந்த மணல் இன்னும் சரிந்து அவளுக்கு வலிக்குமே என்றும் இருந்தது. அதனால் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். திமிசுக்கட்டையை எடுத்தேன்.

சாயங்காலம் வந்தவர்கள் அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நன்றாக வந்திருக்கிறது, இது என்னம்மா என்று கேட்டார்கள். "எதுவும் இல்லங்க" என்றேன்.

உங்கள் ஆட்கள் தோண்ட ரொம்பச் சிரமப்பட்டதாகச் சொன்னீர்கள். சிரமமாகத்தான் இருந்திருக்கும். என் தங்கைக்காக நான் செய்த கடைசி வேலை அது ஐயா, ஒரு இடம்கூடக் காயாமல் பார்த்துப் பார்த்து இடித்தேன்.