ஆறரைக்குப் பதில் ஐந்தரை

வயது எழுபத்திரண்டு, விதவை, மரப் பட்டறைக்குப் பின்வீட்டில் மூத்த மகனோடு குடியிருக்கிறேன். அறுவை சிகிச்சை நடந்த அன்று அந்த அறை வாசலில் இருந்தவர்கள் நான், மூத்த மகன், முதுகெலும்பு டாக்டர், எலும்பில் போடும் ஸ்க்ரூ கொண்டுவரும் கம்பெனி ஆள். உள்ளே இருந்தவள் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்ட என் இளைய மகள், தையல்காரி. இப்போது டாக்டர் மேல் புகார் கொடுத்திருப்பவன் மூத்த மகன். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், ஆனால் கேட்டது மறக்காது, புகாரை விசாரிக்கும் நீங்கள் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி அளந்துவிட்டு, ஆறரை மில்லிமீட்டர் ஸ்க்ரூ வேண்டும், மகளுக்கு எலும்பு உளுத்திருக்கிறது, ஒல்லியானது ஆடிவிடும், தடித்ததுதான் எலும்பைக் கவ்வும், பாரத்துக்கு வளையாமலும் நிற்கும் என்றார். மகன் தச்சன், அவனுக்கு இதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியதில்லை, தலையாட்டினான்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து, ஆறரை எல்லாம் காலையில் வேறு நோயாளிக்குப் போய்விட்டது, பெட்டியில் ஐந்தரைதான் மிச்சம், இன்னும் மயக்க மருந்து கொடுக்கவில்லை, இரண்டு நாள் பொறுத்தால் வரவழைக்கலாம் என்றார். கம்பெனி ஆளும் ஆமாம் என்றார். நான் பொறுக்கலாம் என்றேன். மகன் முந்திக்கொண்டு, "நாளைக்கு எனக்குக் கதவு மாட்டுற வேலை இருக்கு டாக்டர். ஒரு மில்லிதானே, நல்லா முடுக்கிடுங்க" என்றான்.

"முடுக்கினா பிடிச்சிடுமாடா, உனக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரும்மா. இது மரமில்ல" என்றான்.

டாக்டர் சரியென்று உள்ளே போனார், ஐந்தரையையே போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம், மகள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க எழுந்து உட்கார்ந்தபோது முதுகுக்குள் ஏதோ நகர்ந்தது என்றாள். படத்தில் கீழ் ஸ்க்ரூ இரண்டும் குழியை விட்டுக் கழன்று நின்றன. அன்றிலிருந்து கால்களில் உணர்ச்சி இல்லை. காலையில் கண் விழித்ததும், "அம்மா, கால் மேல போர்வை இருக்கா பாரு" என்று கேட்கிறாள்.

டாக்டர் மேலும் தப்பு உண்டு. அளவு தெரிந்தவர் அடுத்தவன் சொல்லுக்கு ஆடியிருக்கக் கூடாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் என் முன்னால் வந்து தலைகுனிந்தார். மகன் குனியவில்லை, புகார் எழுதினான். பட்டறையில் கதவுக் கீலுக்கு ஒரு நூல் அளவு குறைந்த ஸ்க்ரூ போட்ட வேலையாளை, கதவு யார் தலையில் விழுந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டு, மாட்டிய கதவைக் கழற்ற வைத்தவன் அவன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள், அத்தனையும் நான் பார்த்துக் கேட்ட உண்மை, என் சொல்தான், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு மேல் ஒரு வரி சேருங்கள். டாக்டரை ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். என் மூத்த மகனை மன்னிக்கவே மாட்டேன்.