மூன்றாம் நிமிடத் தட்டு

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலை நாளென்றும் பாராமல் இந்தச் சிராங்கூன் சாலை மண்டபத்துக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இராஜசிங்கம் ஐயா, வணக்கம். நான் குணமணி. முனைவர் மேனுகா இராஜசிங்கத்தோடு கிளமெண்டியில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தவன். அவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் இறங்கிப்போக நான் வரவில்லை.

மேனுகா என்ன செய்தார்? இரண்டு வகைக் கிருமிகளை ஒரே குடுவையில் கலப்பார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மரபணுக்கள் வரிசையாகப் போகும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய மிக்சியில் சுற்றிப் பிரித்துவிடுவார். எது எத்தனையாவது நிமிடத்தில் போனது என்று பார்த்தால், குரோமோசோமில் மரபணுக்கள் இருக்கும் வரிசை தெரிந்துவிடும். அதில் சட்னி அரைத்துவிடாதே என்று நான் கேலி செய்ததுண்டு.

சென்ற ஆண்டு, ஒரு மருத்துவமனைக் கழுவுதொட்டியில் எடுத்த கிருமி எங்களிடம் வந்தது. எந்த மருந்துக்கும் சாகாதது. அந்த வலிமை பிளாஸ்மிட் என்னும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருந்தது. வேறு இனக் கிருமியோடு கலந்தோம். மூன்றாம் நிமிடத்தில் எடுத்து, மருந்து கலந்து வளர்த்த தட்டிலேயே அந்த வேறு இனம் மருந்தை மீறி முளைத்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் எதுவும் போகாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே ‘மாசு’ என்று தட்டின்மேல் எழுதினேன்.

“அண்ணே, தூக்கிப் போட்டுடாதீங்க லா. அது கன்டாமினேஷன் இல்ல, பிளாஸ்மிட் போயிடுச்சு. இன்னொரு தடவ ரன் பண்ணிப் பாப்போம்,” என்றார் மேனுகா.

“அடுத்த மாசம் பாத்துக்கலாம், மேனுகா,” என்றேன். தட்டை அன்றே அழித்தேன். மருத்துவமனைக்கு அவர் எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஆய்வுக்கூடத்திலிருந்து எதுவும் வெளியே போகாது; கடிதம் போகவேயில்லை.

ஏழு மாதம் கழித்து, அதே மருத்துவமனையில் மேனுகாவுக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. மூன்றாம் நாள் காய்ச்சல். எந்த மருந்தும் கேட்கவில்லை; நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் இரத்தத்திலிருந்த கிருமியை நானே வளர்த்துப் பார்த்தேன். இனம் வேறு. வளையம் அதேதான். நண்பர்களே, நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்?

மேனுகாவின் வேலையை நான் முடிப்பேன். அந்தக் கடிதத்தை என் தவற்றையும் சேர்த்து எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன். ஐயா, உங்கள் முன்னிலையில் இது என் வாக்கு.

அஞ்சலி முடியும்வரை நான் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். மேனுகாவுக்கு அடுத்த படுக்கையில் இருந்த பெண்மணிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அவருடைய இரத்தம் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டதாக இப்போதுதான் சொன்னார்கள்.